காவல் வன்முறைக்கு இழப்பீடு சரி, வழக்குச் செலவை யார் தருவது?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: காவல் நிலையத்தில் அடித்துத் துன்புறுத்தப்பட்டவரோ, காவலில் உயிரிழந்தவரின் குடும்பமோ எந்த வழியில் இழப்பீடு பெறலாம், அதற்காக நடத்தும் வழக்கின் செலவையும் அரசிடமிருந்து பெற முடியுமா? கேள்வியின் முதல் பாதிக்கு இந்தியச் சட்டத்தில் தெளிவான விடை இருக்கிறது. இரண்டாம் பாதிக்குச் சட்டம் பெரிதாகத் தடை போடவில்லை என்றாலும் நடைமுறை ஏறத்தாழ இல்லை என்றே சொல்கிறது. உயர் நீதிமன்ற உத்தரவுகளின் கடைசிப் பத்தியைப் படித்துப் பழகியவர்களுக்கு இது தெரியும். மனு ஏற்கப்படும், தொகை குறிப்பிடப்படும், கெடு விதிக்கப்படும். அதற்கடுத்து "செலவுத்தொகை இல்லை" என்ற வரி வந்துவிடும். அந்த வரி வராமல் தடுக்க மனுதாரர் தரப்பு எதையும் கேட்டிருப்பதில்லை என்பதுதான் என் முதன்மையான குறை.

முதலில் இழப்பீடு. உரிமை மீறப்பட்டால் பணம் தர வேண்டும் என்று அரசியலமைப்பில் எங்கும் எழுதப்படவில்லை. 1979இல் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையை ஏற்றபோது, சட்டவிரோதமாகக் கைது செய்யப்பட்டவருக்கு இழப்பீட்டு உரிமை தரும் 9(5) பிரிவுக்கு இந்தியா விலக்கு அறிவித்தது. நம் சட்டத்தில் அப்படி ஓர் உரிமை இல்லை என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அன்றைய நிலையில் அது பொய்யும் அல்ல. 1965இல் கஸ்தூரிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறென்ன? 1947இல் அமிர்தசரஸ் வியாபாரி ஒருவரை மீரட் போலீஸார் பிடித்து, அவரிடமிருந்த நூறு தோலாவுக்கு மேற்பட்ட தங்கத்தைக் கைப்பற்றி வைத்தார்கள். அதைத் தலைமைக் காவலரே எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். போலீஸின் கவனக்குறைவு ஐயத்துக்கு இடமில்லாதது என்றபோதிலும், கைது செய்வதும் பொருளைக் கைப்பற்றுவதும் இறையாண்மை சார்ந்த பணி என்பதால் அரசு பொறுப்பாகாது என்று தீர்ப்பானது.

இந்தச் சுவரில் முதல் ஓட்டையைப் போட்டது 1983ஆம் ஆண்டின் ருதுல் ஷா வழக்கு. பீகாரின் முசாபர்பூர் நீதிமன்றம் அவரை 1968 ஜூனில் விடுதலை செய்தது. சிறைக்கதவு திறந்ததோ 1982 அக்டோபரில். பதினான்கு ஆண்டுச் சட்டவிரோதச் சிறைக்கு ஏற்கெனவே தரப்பட்ட 5,000 ரூபாயுடன் மேலும் 30,000 ரூபாய் தரும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தொகை அற்பமானதுதான். ஆனால் அரசியலமைப்பின் 32ஆம் பிரிவின் கீழான நீதிப்பேராணை (ரிட்) மனுவிலேயே பணம் தரச் சொல்லலாம் என்பதும், அது இடைக்காலத் தன்மையானது, முழு நட்டஈட்டுக்கு அவர் தனியே சிவில் வழக்கும் தொடரலாம் என்பதும் அங்கேதான் நிலைபெற்றன.

பிறகு 1993இல் நீலாபதி பெஹரா வழக்கு. ஒடிசாவில் காவலில் வைக்கப்பட்டிருந்த 22 வயது இளைஞரின் உடல் மறுநாள் ரயில் தண்டவாளத்தருகே கிடந்தது. தப்பி ஓடி ரயிலில் அடிபட்டார் என்று போலீஸ் சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை. தாய் எழுதிய ஒரு கடிதமே மனுவாக ஏற்கப்பட்ட அந்த வழக்கில் 1,50,000 ரூபாய் இழப்பீடு தரப்பட்டது. அரசியலமைப்புவழி இழப்பீட்டுக்கு இறையாண்மை விலக்கு பொருந்தாது என்ற கோட்பாடு இதிலிருந்து உறுதியானது. 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில், மேலே சொன்ன 9(5) விலக்கு இனிப் பொருளற்றது என்றே உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. ஆகவே இன்று ஓர் அரசு வழக்கறிஞர் எழுந்து இறையாண்மையைப் பற்றிப் பேசினால், அவர் கஸ்தூரிலாலோடு நின்றுவிட்டார் என்று பொருள்.

நீலாபதி தீர்ப்பில் பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகும் ஒரு வரி உண்டு. இழப்பீட்டுத் தொகைக்கு மேல் 10,000 ரூபாயை வழக்குச் செலவாக உச்ச நீதிமன்றச் சட்ட உதவிக் குழுவுக்கு ஒடிசா அரசு செலுத்த வேண்டும் என்பதே அந்த வரி.   இழப்பீடு வேறு, செலவு வேறு, இரண்டையும் ஒரே உத்தரவில் தனித்தனியே தரலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான முன்னுதாரணம் தேட வேண்டியதில்லை. இதற்கு நேர் எதிரான விசித்திரமும் நம் தீர்ப்புகளில் இருக்கிறது. மணிப்பூரில் ராணுவத்தினர் அழைத்துச் சென்ற இருவர் திரும்பவே இல்லை என்ற செபாஸ்டியன் ஹோங்ரே வழக்கில், 1984இல் அவர்களின் மனைவியருக்குத் தலா 1 லட்சம் ரூபாய் தரச் சொன்ன உச்ச நீதிமன்றம், அதை இழப்பீடு என்று அழைக்காமல் எச்சரிக்கும் வகையிலான செலவுத்தொகை என்றே அழைத்தது. கணவனை இழந்ததற்கான தொகையைச் செலவுக் கணக்கில் எழுதினால், உண்மையான செலவை எந்தக் கணக்கில் எழுதுவது?

இப்போது வழிகளைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் பாதிக்கப்பட்டவர்கள் முதலில் நாடுவது மாநில மனித உரிமைகள் ஆணையத்தைத்தான். கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, வெள்ளைத்தாளில் எழுதி அனுப்பினாலே போதும். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் அனுப்பிவிட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது, ஏனெனில் 1993ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 36(2) பிரிவு அதற்குப் பிந்தைய விசாரணையைத் தடுக்கிறது. அதே சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி ஆணையம் இழப்பீட்டைப் பரிந்துரைக்கலாம், உடனடி இடைக்கால நிவாரணமும் கேட்கலாம். பரிந்துரைதானே என்று அரசு கிடப்பில் போடுவது நெடுங்காலம் நடந்தது. 2021 பிப்ரவரி 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, 18ஆம் பிரிவின் கீழான பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும், ஏற்க விருப்பமில்லையென்றால் நீதிமன்றத்தை நாடலாமே தவிர அமைதியாக ஒதுக்கிவிட முடியாது என்று தீர்ப்பளித்தது. தொகையை அரசு முதலில் செலுத்திவிட்டுச் சம்பந்தப்பட்ட காவலரின் சம்பளத்திலிருந்து பிடித்தம் செய்துகொள்வது வழக்கம்.

இந்த இடத்தில்தான் செலவுச் சிக்கல் தொடங்குகிறது. சம்பளத்தில் கைவைக்கும் உத்தரவு வந்தவுடன் அந்தக் காவலர் உயர் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை வாங்குவார். அந்த மனுவில் ஆணையமும் அரசும் எதிர்மனுதாரர்கள், கடைசி எதிர்மனுதாரர் அடிபட்டவர். ஆணையத்தில் ஒரு பைசா செலவில்லாமல் வென்றவருக்கு இப்போது சென்னையிலோ மதுரையிலோ வழக்கறிஞர் தேவை. வக்காலத்து, எதிர் உறுதிமொழிப் பத்திரம், ஆணைய ஆவணங்களின் சான்றிட்ட நகல், தட்டச்சு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் பேருந்துக் கட்டணம், அன்றைய கூலி இழப்பு என்று ஒவ்வொன்றும் அவர் கையிலிருந்து போகும். நீதிமன்ற அறிவிப்பு வந்தபின் வழக்கறிஞர் வைக்காமல் விட்டால் தடை நீடித்துக்கொண்டே போகும். 50,000 ரூபாய் இழப்பீட்டைக் காப்பாற்ற அதில் பாதியைச் செலவழித்தவர்கள் உண்டு. ஆணையத்தின் உத்தரவு கையில் கிடைத்த உடனே உயர் நீதிமன்றத்தில் கேவியட் மனு போட்டு வைப்பது, உங்களைக் கேளாமல் தடை பிறப்பிக்கப்படும் வாய்ப்பைக் குறைக்கும்.

இரண்டாவது வழி அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் நேரடி நீதிப்பேராணை மனு. உடற்கூறாய்வு அறிக்கை, நீதித்துறை நடுவரின் விசாரணை, மருத்துவமனைப் பதிவேடு போன்றவற்றால் உண்மை வெளிப்படையாக நிறுவப்படும் வழக்குகளுக்கு இதுவே விரைவானது. 2025இல் மடப்புரம் கோயில் காவலாளி காவலில் கொல்லப்பட்ட வழக்கில், அரசு முன்னரே கொடுத்ததற்கு மேல் 25 லட்சம் ரூபாயை இடைக்கால இழப்பீடாகத் தரும்படி மதுரை அமர்வு சில வாரங்களிலேயே உத்தரவிட்டது இந்த அதிகாரத்தின் கீழ்தான். மூன்றாவது, சிவில் நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கு. இதில் கேட்கும் தொகையில் 3 சதவீதத்தை நீதிமன்றக் கட்டணமாகக் கட்ட வேண்டும். 2017க்கு முன் அது 7.5 சதவீதமாக இருந்தது. 25 லட்சம் கேட்டால் 75,000 ரூபாய். கட்ட வழியில்லாதவர் வறியவர் என்று மனுச் செய்து விலக்குப் பெறலாம், அதற்கும் ஒரு விசாரணை நடக்கும். சட்டவிரோதக் காவல், பொய் வழக்கு இரண்டுக்கும் காலவரம்பு ஓராண்டுதான் என்பதால் இந்த வழி பலருக்குக் கண்திறக்குமுன்பே மூடிவிடுகிறது. தப்பியவர்களுக்கு இது பெருந்தொகை தரக்கூடியது: இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனுக்குத் தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2001இல் 10 லட்சம் இடைக்கால நிவாரணம் சொன்னது, உச்ச நீதிமன்றம் 2018இல் 50 லட்சம் தரச் சொன்னது, அதன் பிறகும் சிவில் வழக்கை முடித்துக்கொள்ளக் கேரள அரசு 1.3 கோடி ரூபாய் தந்தது. ஒரு வழியில் பெற்றது மற்றொன்றை அடைத்துவிடவில்லை. ஆனால் அவர் 1994இல் கைதானவர் என்பதையும், அத்தனை ஆண்டுகள் வழக்காட வசதியும் படிப்பும் மன உறுதியும் வேண்டும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எவ்வளவு கேட்பது என்பதில் ஒரு சொல். அரசு அறிவிக்கும் 5 லட்சம், 10 லட்சம் எல்லாம் எந்தக் கணக்கிலும் வந்தவை அல்ல. அன்றைய பத்திரிகைச் சூட்டைப் பொறுத்தவை. மனுவில் நீங்கள் கணக்கோடு போக வேண்டும். மோட்டார் விபத்து வழக்குகளுக்காகச் சரளா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) தீர்ப்புகள் வகுத்த முறையைக் காவல் மரணத்துக்கும் கையாளும்படி கேட்கலாம். மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்த 32 வயதுக் கொத்தனார் ஒருவர், மனைவி, இரு குழந்தைகள், தாய் என்று நால்வரை விட்டுவிட்டு இறந்ததாகக் கொள்வோம். ஆண்டு வருமானம் 1,80,000; எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 2,52,000; அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழித்தால் 1,89,000; அந்த வயதுக்கான பெருக்கெண் 16. மொத்தம் 30,24,000 ரூபாய். ஈமச்செலவு, துணையை இழந்த இழப்பு முதலிய வழக்கமான தலைப்புகள் இதற்கு மேல். லாரி மோதி இறந்திருந்தால் காப்பீட்டு நிறுவனம் மறுபேச்சின்றிக் கணக்குப் பார்க்கும் தொகை இது. காவலர் அடித்து இறந்தால் மட்டும் ஏன் குறைய வேண்டும் என்று கேட்டால் எதிர்த்தரப்பிடம் நல்ல பதில் இருப்பதில்லை. விபத்தில் வேண்டுமென்றே செய்த குற்றமில்லை, இங்கே இருக்கிறது. அதற்கான எச்சரிக்கைத் தொகையையும் தனித்தலைப்பில் கேட்க வேண்டும்.

இனிச் செலவுக்கு வருகிறேன். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, தோற்றவர் வென்றவரின் செலவைத் தருவதையே பொது விதியாக வைக்கிறது. தராவிட்டால் நீதிபதி காரணம் எழுத வேண்டும். செலவுத்தொகை பெயரளவுக்கு இல்லாமல் உண்மையான, நியாயமான செலவை ஒட்டி இருக்க வேண்டும் என்று 2005இல் சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் வற்புறுத்தியது. நீதிப்பேராணையில் 35ஆம் பிரிவு அப்படியே பொருந்தாது என்றாலும் செலவு தரும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு இருக்கிறது. அப்படியிருந்தும் தரப்படாததற்குக் காரணம், மனுவின் கோரிக்கைப் பகுதியில் "உகந்த பிற உத்தரவுகள்" என்ற பழைய வாய்பாட்டுக்குள் செலவைப் புதைத்துவிடுவதுதான். கேட்காத எண்ணை நீதிபதி கற்பனை செய்து தரமாட்டார்.

ஆகவே கோரிக்கையில் செலவைத் தனி வரியாக, தொகையோடு எழுதுங்கள். இறுதி வாதத்துக்கு முன் ஒரு பக்கச் செலவுப் பட்டியலை உறுதிமொழிப் பத்திரத்தோடு தாக்கல் செய்யுங்கள். வழக்கறிஞர் கட்டணத்துக்கு ரசீது, மருத்துவ ஆவணங்களின் நகல் கட்டணம், மறு உடற்கூறாய்வுக்குத் தனி மருத்துவரை அழைத்து வந்திருந்தால் அவர் பெற்ற தொகை, பயணச் சீட்டுகள் ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே ஒரு உறையில் போட்டு வைத்தால்தான் இது முடியும். பல வழக்கறிஞர்கள் ரசீது தரத் தயங்குவார்கள், தயக்கமில்லாமல் கேளுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். "இப்போது ஒன்றும் வேண்டாம், வருவதில் மூன்றில் ஒன்று" என்று பேசும் ஏற்பாடு இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகளின்படி தடை செய்யப்பட்டது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதும் இரண்டுமே தவறு. நடைமுறையில் அது நடக்கிறது என்பது வேறு. ஆனால் அந்த ஏற்பாட்டில் கொடுத்த பணத்தை எந்த நீதிமன்றத்திலும் செலவுக் கணக்கில் காட்ட முடியாது.

செலவில்லாமல் வழக்காட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் உள்ளவர்கள் ஆகியோருக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி வருமான வரம்பே கிடையாது. கணவனை இழந்த பெண் மனுதாரராக இருந்தால் அவருடைய வருமானத்தை யாரும் கேட்கக்கூடாது. அங்கே ஒதுக்கப்படும் வழக்கறிஞரின் தரம் சீராக இருப்பதில்லை என்ற புகாரில் உண்மை உண்டு. மாற்றித் தரும்படி எழுதிக் கேட்கும் உரிமையும் உண்டு.

செலவைச் சட்டமே ஒழுங்காக யோசித்திருக்கும் ஒரே இடம் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். அதன் 1995ஆம் ஆண்டு விதிகளில் 11ஆம் விதி பாதிக்கப்பட்டவருக்கும் அவரைச் சார்ந்தவர்களுக்கும் சாட்சிகளுக்கும் பயணப்படி, தினப்படி, பராமரிப்புச் செலவு தரச் சொல்கிறது. 4(5) விதியின்படி பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மாவட்ட ஆட்சியர் ஒரு மூத்த வழக்கறிஞரை அமர்த்தி அவருக்கு உரிய கட்டணத்தையும் தரலாம். இதற்கு விண்ணப்பிக்க வேண்டிய இடம் ஆட்சியர் அலுவலகம், நீதிமன்றம் அல்ல. 12(4) விதியின் நிவாரணத் தொகையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். 11ஆம் விதிப்படி பேருந்துக் கட்டணம் கேட்டவர்கள் குறைவு.

இந்த விதிகள் ஏன் முக்கியம் என்பதற்குத் தருமபுரி மாவட்டப் பழங்குடியினர் ஊரான வாச்சாத்தியே போதும். 1992 ஜூனில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நடத்திய அந்தக் கொடுமைக்கு 2011இல் தருமபுரி நீதிமன்றம் தண்டனை விதித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் தரவும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கவும் உத்தரவிட்டது. இடைப்பட்ட 31 ஆண்டுகள் அந்த மக்களோடு நின்று வழக்கை நகர்த்தியவை மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும். அப்படி ஓர் அமைப்பு பின்னால் இல்லாத ஊர்களின் வழக்குகள் எத்தனையாவது வாய்தாவில் நின்றுபோயின என்று கணக்கு எடுக்க ஆளில்லை.

அண்டை நாட்டிலிருந்து படிப்பவர்களும் கேட்பதால் ஒரு குறிப்பு. இலங்கையில் அடிப்படை உரிமை மீறல் மனுவை 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் (அங்கே தமிழில் அதை உயர் நீதிமன்றம் என்பார்கள்) தாக்கல் செய்ய வேண்டும். அங்கே இழப்பீடும் செலவும் பிரித்தே பார்க்கப்படுகின்றன. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் வழக்கில் 2023 ஜனவரியில் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாயைத் தன் சொந்தப் பணத்திலிருந்து தர வேண்டும் என்று தீர்ப்பானது. அதே ஆண்டு நவம்பரில், பொருளாதார நெருக்கடி தொடர்பான மனுக்களில் ராஜபக்ஷக்கள் உள்ளிட்டோர் பொறுப்பாளிகள் என்று கண்ட நீதிமன்றம் இழப்பீடு எதுவும் தரவில்லை; ஆனால் மனுதாரர்களுக்குத் தலா 1,50,000 ரூபாய் வழக்குச் செலவு தரச் சொன்னது. ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் இன்னும் கறாரானது. செலவு உண்மையாக ஏற்பட்டதா, தேவையானதா, நியாயமான அளவா என்ற மூன்று கேள்விகளைக் கேட்கும். பட்டியலும் ரசீதும் குறித்த நாளுக்குள் வராவிட்டால் வென்றவருக்கும் பொதுவாக ஒன்றும் கிடைக்காது. வழங்கிய தொகையை மூன்று மாதத்துக்குள் செலுத்தாத அரசு வட்டி கட்ட வேண்டும். நம் மனுக்களிலும் கெடு தேதிக்குப் பிந்தைய வட்டியைக் கேட்பது நல்லது, ஏனெனில் கெடு முடிந்தபின் நமக்கிருக்கும் ஆயுதம் நீதிமன்ற அவமதிப்பு மனு ஒன்றுதான். அதையும் ஓராண்டுக்குள் தொடுக்க வேண்டும், அதற்கும் தனிச் செலவு.

கடைசியாக, பணம் வரும்போது நடப்பது. இறந்தவருக்கு வயது வராத பிள்ளைகள் இருந்தால் அவர்களின் பங்கைத் தேசிய வங்கியில் நிலை வைப்பாகப் போட்டு, வட்டியை மட்டும் தாய் எடுத்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிப்பது வழக்கம். பிள்ளைகளின் நலனுக்கு அது சரியான ஏற்பாடு. அதனால் உடனே கையில் கிடைப்பது தாயின் பங்கு மட்டுமே. வழக்கு நடத்த வாங்கிய கடன் முழுவதும் அந்த ஒரு பங்கின் மேல்தான் விழும். செலவுத்தொகை தனியே வழங்கப்பட்டிருந்தால் அது இந்தப் பகிர்வுக்குள் வராமல், செலவு செய்தவர் பெயருக்கே நேரடியாகச் சேரும்.